ஆறேகால் கட்டம்

"மனுஷன் பிழைப்புக்காக எவ்வளவு வேணும்னாலும் வளையலாம். ஆனா ஒரே ஒரு இடத்துல மட்டும்..."

என் பெரியப்பா தன் பணி ஓய்வு விழாவில் பேசியது இது. எனக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கிறது. காரணம் மறதி இல்லை. சரியாக அந்த இடத்தில் மைக் ஒரு கூச்சல் போட்டது, நான் காதைப் பொத்திக்கொண்டேன். கையை எடுத்தபோது எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரே ஒரு இடம் எது என்று தெரியாமலே முப்பது வருஷம் ஓட்டிவிட்டேன். நாற்பத்தெட்டு வயதில், வேலை போன மறுநாள் காலை, பல் துலக்கும்போது அது திடீரென்று அவசரத் தேவையாகிவிட்டது.

நான் கையேடு எழுதுகிறவன். மிக்ஸியோ தண்ணீர் மோட்டாரோ வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்குமே, நீங்கள் பிரிக்காமலே பரணில் போடுவீர்களே, அதை எழுதுகிறவன். இரண்டு மொழியில் படித்தவன் என்பதால் இரண்டு மொழியிலும் எழுதுவேன். இரண்டு மொழியிலும் யாரும் படிக்க மாட்டார்கள். பதினாறு வருஷம் வெளிநாட்டில் எழுதினேன். திரும்பி வந்து மூன்று வருஷம் இங்கே எழுதினேன். "ஈரக் கையால் தொடாதீர்கள்" என்பதை மட்டும் நானூறு தடவை எழுதியிருப்பேன். உலகத்தில் ஈரக் கைகள் குறைந்ததாகத் தகவல் இல்லை.

இனிமேல் கையேடே வேண்டாம் என்று கம்பெனி முடிவெடுத்தது. பெட்டியின் மேல் ஒரு கட்டம் அச்சடிப்பார்களாம். அதைப் போனில் காட்டினால் ஒரு பெண் சிரித்துக்கொண்டே செய்து காட்டுவாளாம். எங்கள் பிரிவில் இருந்த எல்லோரையும் ஓர் அறையில் உட்காரவைத்து, "உங்களை மறக்கவே மாட்டோம்" என்று உருகிய அதிகாரி, என் பெயரை மட்டும் தப்பாகச் சொன்னார்.

முதலில் ஆறுதல் சொல்ல வந்தவர் எதிர்வீட்டுப் பல் டாக்டரம்மா. சாயங்காலம் ஐந்திலிருந்து ஒன்பது வரை கிளினிக்கில் வட்டாரத்துப் பல்லையெல்லாம் பார்க்கிறவர். மற்ற நேரத்தில் எங்கள் வீட்டு நடப்பைப் பார்க்கிறவர்.

"அண்ணா, இந்தக் காலத்துல வேலை தேடறவங்க எல்லாத்துக்கும் வளைஞ்சு கொடுக்கணும். எது கேட்டாலும் வாயை நல்லாத் திறந்து 'சரி'ன்னு சொல்லிடுங்க. பயப்படாதீங்க, வலிக்காது."

எனக்கு வலித்தது. அன்று மதியமே ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, கையேட்டு முறைப்படி எண் போட்டு, என் நிபந்தனைகளை எழுதினேன். பதவியின் பெயரில் "தலைவர்" என்ற சொல் இருக்க வேண்டும். கதவு வைத்த தனி அறை வேண்டும். ஆயிரம் பேருக்குக் குறையாத கம்பெனியாக இருக்க வேண்டும். மேலதிகாரி என்னைவிட மூத்தவராக இருக்க வேண்டும். சனிக்கிழமை விடுமுறை. வீட்டிலிருந்து அரை மணி நேரப் பயணம். ஆறு ஆயிற்று. ஆறு என்பது எதையோ பாதியில் விட்டுவிட்டு எழுந்து போன மாதிரி இருந்தது. எண்ணிக்கைக்காக ஏழாவதாக ஒன்று சேர்த்தேன்: சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும்.

தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த என் மனைவி, தண்ணீர் எடுக்கப் போனவள், பாட்டிலும் கையுமாக நின்று படித்தாள்.

"என்னங்க இது?"

"என் நிபந்தனைகள். இதுல ஒண்ணுகூட வளையாது."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட. எட்டாவதா ஒண்ணு யோசிச்சிட்டிருக்கேன்."

"அந்த எட்டாவது இடத்துல பால் வாங்கணும்னு எழுதிடுங்க. நேத்தே மறந்துட்டீங்க."

"நான் விளையாடலை. பத்தொன்பது வருஷ அனுபவம். வளையறவன் நான் இல்லை."

தண்ணீரைக் குடித்து முடித்தாள். பாட்டிலை மூடினாள். "சரிங்க" என்றாள்.

தொழில்முறையில் சொல்கிறேன்: என் மனைவியின் "சரிங்க"வுக்குப் பக்கத்தில் ஒரு முக்கோணம் வரைந்து அதற்குள் ஆச்சரியக்குறி போட்டிருக்க வேண்டும். போட்டிருந்தாலும் நான் படித்திருக்க மாட்டேன்.

பெரியப்பாவின் மீதிப் பேச்சையும் தெரிந்துகொண்டு பட்டியலுக்குத் தலைப்பாக வைக்கலாம் என்று பெரியம்மாவுக்குப் போன் செய்தேன். பெரியப்பா போய்ப் பல வருஷம் ஆகிறது.

"அந்த ஒரு இடம் எதுன்னு சொன்னாரு பெரியம்மா?"

"எங்கே சொன்னாரு? மைக் கத்துச்சு. அந்த நேரம் பாத்து முன்வரிசையிலேருந்து நானும் ஒரு பார்வை பாத்தேன். நன்றி, வணக்கம்னு உக்காந்துட்டாரு."

ஆக, அந்த வாக்கியம் பிறக்கவே இல்லை. நான் இல்லாத மீதியை முப்பது வருஷம் தேடியிருக்கிறேன்.

வேலை தேடும் படலம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கம்பெனியில், "எந்த அளவுக்கு அனுசரிச்சுப் போவீங்க?" என்று கேட்டார்கள். பட்டியலைச் சொன்னேன். அனுசரிக்கிற பையன் ஒருவனை எடுத்துக்கொண்டார்கள். இன்னொரு இடத்தில் நேர்காணல் அறையில் எதிரே உட்கார்ந்தவருக்கு மீசை இப்போதுதான் முளைத்திருந்தது. நான் நாலாவது நிபந்தனையை நினைத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அவர் அலுவலக உதவியாளராம். மேலதிகாரி இன்னும் வரவே இல்லையாம். இப்படியே மூன்று மாதம்.

அந்த மூன்று மாதத்தில் புதிதாக ஒன்று நடந்தது. நடந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, பழகிவிட்டது. ஆறு மணிக்கு அவள் வருவாள். ஆறேகாலுக்கு நான் டீ போட்டு எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போவேன். அங்கே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒன்றில் ஒரு கால் கொஞ்சம் ஆடும், அது என்னுடையது. அவள் ஆசிரியர் அறைக் கதைகளை ஆரம்பிப்பாள். பூகோள டீச்சர் யாரோடு பேசவில்லை, இசை வாத்தியார் எதற்காகக் கோபித்துக்கொண்டார், எட்டாம் வகுப்பு சி பிரிவு இன்று எதை உடைத்தது. தினமும் தொடரும். வெளிநாட்டில் பதினாறு வருஷமும் இங்கே மூன்று வருஷமும் நான் வீடு திரும்பும்போது அவள் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுத் திருத்துகிற தாள்களின் மேலேயே தூங்கியிருப்பாள். அவள் இவ்வளவு நன்றாகக் கதை சொல்வாள் என்று எனக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டாவது வருஷத்தில்தான் தெரிந்தது.

ஒரு நாள் அந்த நாற்காலியில் இருக்கும்போது பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து மேஜையில் போட்டாள்.

"ஸ்கூல் லேபுக்குப் புதுத் தராசு வாங்கினாங்க. கூட வந்த கையேடு. கெமிஸ்ட்ரி மிஸ்ஸுக்குத் தலையும் புரியல, காலும் புரியல."

பிரித்தேன். முதல் பக்கத்திலேயே இப்படி இருந்தது: "பொருளை வைத்தபின் பொருளை எடுக்காமல் எடையை எடுக்கவும், எடுத்தபின் எடுக்கவும்."

எனக்கு ரத்தம் கொதித்தது. சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்தேன். டீ ஆறியது. பதினான்கு பக்கத்தையும் திருத்தி, இரண்டு மொழியிலும் எழுதி, ஓரத்தில் படமும் வரைந்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

"அந்தத் தராசுக் கம்பெனிக்காரங்க இதை எழுத ஒரு ஆள் தேடறாங்களாம்" என்றாள், தம்ளர்களை எடுத்துக்கொண்டே.

"எத்தனை பேர் கம்பெனி?"

"ஒன்பது பேர்."

"என் நிபந்தனைப்படி ஆயிரம்."

"தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொண்ணு குறையுது" என்றாள். அவள் கணக்கு டீச்சர். "முதலாளி ஒரு பொண்ணு. முப்பத்தொரு வயசு."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். புத்தகம் அவள் பைக்குள் போனது. நான் அதைப் பற்றி மறந்துவிட்டேன்.

இப்போது என் மனைவியின் இன்னொரு வேலையைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்துக்கே கால அட்டவணை போடுகிறவள் அவள். ஐம்பத்திரண்டு ஆசிரியர்கள். புது வகுப்புகள் தொடங்கும் முன் ஒவ்வொருவரும் தங்களால் எதெல்லாம் முடியாது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். அதற்கு வீட்டில் நாங்கள் வைத்த பெயர் "முடியாது சீட்டு". எங்கள் சாப்பாட்டு மேஜை மேல் கட்டம் போட்ட பெரிய அட்டை விரியும். அதன் மேல் கலர் கலராகக் காகிதத் துண்டுகள். இரண்டு வாரம் நாங்கள் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிடுவோம்.

ஒரு சனிக்கிழமை காலை பூகோள டீச்சர் வந்தார். வந்தார் என்பது மரியாதைக்காக. புயலுக்குச் செருப்பு மாட்டிய மாதிரி உள்ளே நுழைந்தார். அவர் சீட்டில் ஒன்பது "முடியாது" இருந்ததாக எனக்கு ஏற்கனவே தெரியும், டீ நேரக் கதை.

"மேடம், நீங்க அனுப்பின அட்டவணையைப் பாத்தேன். திங்கக்கிழமை முதல் பீரியட் எனக்கா? ஞாயித்துக்கிழமை அம்மா வீட்டுக்குப் போயிட்டு, திங்கக்கிழமை காலையில பஸ் பிடிச்சு வரவ நான்! என்னால முடியவே முடியாது!"

என் மனைவி பென்சிலால் தலையைச் சொறிந்தாள். அட்டையைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். பதினைந்து விநாடி, ஒரு நாட்டின் எல்லையை மாற்றப்போகிறவள் மாதிரி யோசித்தாள். பிறகு ஒரு துண்டை எடுத்து இன்னொரு கட்டத்தில் வைத்தாள்.

"உங்களுக்காக."

பூகோள டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க நல்லா இருக்கணும் மேடம்" என்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். போகும்போது எனக்கும் ஒரு வணக்கம் வைத்தார்.

கதவு சாத்தியதும் கேட்டேன். "மத்த எட்டு?"

"எந்த எட்டு?"

"சீட்டுல இருந்ததே. மூணாவது மாடி ஏற முடியாது, எட்டாம் வகுப்பு சி வேண்டாம், மதியம் முடியாது..."

"எல்லாத்தையும் அப்படியே அவங்க தலையிலதான் கட்டியிருக்கேன். ஞாபகம் இருந்தா கேட்டிருப்பாங்களே?"

எனக்குப் புரியவில்லை. துண்டுகளை அடுக்கிக்கொண்டே விளக்கினாள்.

"முதல் வரைவு மோசமா இருக்கணும்ங்க. வேணும்னே அநியாயமாப் போடணும். சீட்டுல ஒன்பது எழுதுவாங்க. எது நிஜம்னு அவங்களுக்கே தெரியாது. எதுக்குக் கத்துறாங்களோ அதுதான் நிஜம். மத்ததெல்லாம் அலங்காரம்."

"அப்போ அந்தத் திங்கக்கிழமை முதல் பீரியட்?"

"அது முதல்லேருந்தே இசை வாத்தியாருக்கு."

நான் நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். ஐம்பத்திரண்டு படித்தவர்களை இவள் ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு வருஷா வருஷம் சந்தோஷமாக வீட்டுக்கு அனுப்புகிறாள். நான் நானூறு தடவை எச்சரித்தும் ஒரு கையைக்கூட உலர வைக்க முடியவில்லை. இப்படி ஒரு மூளையோடு ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு, நான் கையேடு எழுதுகிறேன் என்று மார்தட்டியிருக்கிறேன்.

"பாவம் அந்த டீச்சர். என்னமா ஏமாந்துட்டாங்க!" என்றேன்.

"ஆமாங்க, பாவம்" என்றாள் அவளும்.

அடுத்த புதன்கிழமை அந்தக் கடிதம் வந்தது. குளிர்சாதனப் பெட்டி செய்கிற பெரிய கம்பெனி. நாலாயிரம் பேர். பதவி: கையேட்டுப் பிரிவுத் தலைவர். தனி அறை, கதவோடு. மேலதிகாரிக்கு ஐம்பத்தாறு வயது. சனிக்கிழமை விடுமுறை. இருபது நிமிஷப் பயணம். கடல் தாண்டிய வாடிக்கையாளர்கள் என்பதால் வேலை நேரம் மட்டும் பகல் ஒன்றிலிருந்து இரவு பத்து வரை. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

கடிதத்தைப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.

"பாத்தியா! ஏழுல ஆறு! வளையாம நின்னா இதுதான்!"

"ஏழாவது?"

"அது சும்மா எண்ணிக்கைக்கு எழுதினது."

"சரிங்க" என்றாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் வந்ததும் டீக்குப் போகாமல் மேஜையில் அட்டையை விரித்தாள். நான் பள்ளிக்கூடத்து அட்டை என்று நினைத்தேன். மேலே, "நம் வீடு" என்று எழுதியிருந்தது.

"நீங்க புது வேலைக்குப் போனா வீட்டு நேரமெல்லாம் மாறுமில்ல? ஒரு அட்டவணை போட்டேன். மஞ்சள் நீங்க, பச்சை நான், நீலம் நம்ம பொண்ணு. சரியான்னு பாருங்க."

பார்த்தேன். காலை ஐந்தேகால்: மகளை நீச்சல் குளத்துக்குக் கூட்டிப் போதல், மஞ்சள். ஆறரை: காய் நறுக்குதல், மஞ்சள். வாரம் இரண்டு தடவை மூன்று பேர் துணிக்கும் இஸ்திரி, மஞ்சள். ஞாயிறு காலை ஐந்து மின்விசிறிகளையும் துடைத்தல், மஞ்சள். ஞாயிறு மதியம் மாமியாரைப் பார்க்கப் போய், என் மச்சானைப் பற்றி அவர் சொல்வதை முழுவதும் கேட்டல், அடர் மஞ்சள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பிரிவுத் தலைவருக்குரிய கம்பீரத்தோடு கட்டம் கட்டமாகப் பார்வையிட்டுக்கொண்டே போனேன். ஆறேகாலுக்கு வந்தேன். அங்கே ரோஸ் நிறத்தில் ஒரு துண்டு. "டாக்டரம்மாவுடன் நடை."

"இது என்ன?"

"எது?"

"இந்த ஆறேகால்!"

"அதுவா? நீங்கதான் இருக்க மாட்டீங்களே. தனியா உக்காந்து என்ன பண்ணப் போறேன்? எதிர்வீட்டு டாக்டரம்மாவோட பேசிக்கிட்டே நடக்கலாம்னு."

"அது என் கட்டம்!" என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "பூகோள டீச்சர் கதையை அவங்ககிட்டயா சொல்லப் போற?"

"ஆமா."

"பூகோள டீச்சர் யாருன்னே அவங்களுக்குத் தெரியாது!"

"சொன்னாத் தெரிஞ்சுக்குவாங்க."

"எட்டாம் வகுப்பு சி பத்தித் தெரியுமா? இசை வாத்தியார் ஆர்மோனியத்தைப் பூட்டி வச்ச விஷயம் தெரியுமா? சாவி கிடைச்சுதா இல்லையான்னு எனக்கே இன்னும் நீ சொல்லலை! அதைப் போய் அவங்ககிட்ட சொல்லுவியா? முடியாது! முடியவே முடியாது!"

அறையிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, தண்ணி வேணுமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

என் மனைவி பென்சிலால் தலையைச் சொறிந்தாள். அட்டையைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

"ஆறேகால் வேணும்னா ஒண்ணு டூ பத்து நகரணுங்க. அது நகராது. காலையில எட்டு மணிக்குப் போயிட்டு நாலரைக்கு முடியற மாதிரி ஏதாவது இருந்தாத்தான்..."

"அந்தத் தராசுக் கம்பெனி எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். நான்தான் கேட்டேன். அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

"எட்டுலேருந்து நாலரைன்னு நினைக்கிறேன். ஆனா ஒன்பது பேர்தாங்க."

"ஒன்பது பேர்னா என்ன? சத்தம் இருக்காது."

"முதலாளிக்கு முப்பத்தொண்ணு."

"சின்ன வயசு. சொன்னாக் கேட்டுக்கும்."

"தனி ரூம் கிடையாது."

"ரூம் இருந்தா கதவைத் திறக்கணும், சாத்தணும்."

"சனிக்கிழமையும் உண்டு. ரெண்டு பஸ் மாறணும். தலைவர்னெல்லாம் போட மாட்டாங்க."

"ஒன்பது பேருக்கு எத்தனை தலைவர்! ரெண்டு பஸ்ஸுல வேடிக்கை பாத்துட்டே போவேன். நீ ஏன் இப்படித் தடுத்துக்கிட்டே இருக்க?"

"நான் ஒண்ணும் சொல்லலைங்க. உங்க இஷ்டம்." ரோஸ் துண்டை எடுத்துவிட்டு அந்தக் கட்டத்தில் பாதி மஞ்சளும் பாதி பச்சையுமாக ஒரு துண்டை வைத்தாள். "உங்களுக்காக."

எனக்குக் கண் கலங்கியது. "நீ நல்லா இருக்கணும்" என்றேன். எங்கேயோ கேட்ட வாக்கியமாக இருந்தது. டீ போடப் போய்விட்டேன். ஆர்மோனியத்தின் சாவி சுண்ணாம்புக்கட்டிப் பெட்டியில் இருந்ததாம்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் தராசுக் கம்பெனிக்குப் போன் செய்தேன். முதலாளிப் பெண்ணே எடுத்தார்.

"வணக்கம் சார்! உங்க மேஜையை ஜன்னல் பக்கம் போட்டுட்டோம்."

"என் மேஜையா?"

"திங்கக்கிழமை சேர்ந்துடுவீங்கன்னு மேடம் செவ்வாய்க்கிழமையே சொன்னாங்களே."

செவ்வாய்க்கிழமை. பெரிய கம்பெனியின் கடிதம் வந்ததே புதன்கிழமை.

"நேர்காணல், பரீட்சை எதுவும்..."

"அதான் எழுதிட்டீங்களே சார், சிவப்பு மையில. பதினாலு பக்கத்தையும் சுவத்துல ஒட்டி வச்சிருக்கோம். எங்க தராசு எப்படி வேலை செய்யுதுன்னு எங்களுக்கே இப்பதான் புரிஞ்சுது."

போனை வைத்தேன். மேஜையின் ஓரத்தில் அந்த ரோஸ் துண்டு கிடந்தது. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பென்சிலில், அவளுடைய அழகான கையெழுத்தில்: "இதுக்குத்தான் கத்துவார்." எதிர்வீட்டு டாக்டரம்மா ஆறேகாலுக்கு நடக்க வேண்டுமானால் கிளினிக்கில் பாதி பல்லை அப்படியே விட்டுவிட்டுத்தான் நடக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

பதினொன்று இருபதுக்குப் பள்ளிக்கூடத்தில் இடைவேளை. அழைத்தேன்.

"சொல்லுங்க, பத்து நிமிஷம்தான்."

"ரோஸ் துண்டைத் திருப்பிப் பாத்தேன்."

ஆசிரியர் அறையின் இரைச்சல் குறைந்தது, வராந்தாவுக்கு வந்துவிட்டாள். பிறகு மெதுவாக, "பன்னெண்டு மணி வரைக்கும் டைம் இருக்குங்க. பெரிய கம்பெனிக்கே போறதுன்னா போங்க. நான் நிஜமாவே ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

"அது இருக்கட்டும். இந்த நீச்சல் குளம், காய், இஸ்திரி, அஞ்சு மின்விசிறி, உங்கம்மா, இதெல்லாம்? இதுவும் வரைவுதானே?"

"நேத்து அதுக்கெல்லாம் நீங்க ஒண்ணும் சொல்லலையே?" என்றாள். மணி அடித்தது. போய்விட்டாள்.

பதினொன்றே முக்காலுக்குப் பெரிய கம்பெனிக்கு, வர இயலவில்லை, நன்றி என்று எழுதினேன். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தராசுக் கம்பெனியில் சேர்ந்தேன்.